விளையாட்டுப் புத்தகத்தைப் போனுக்குள் பூட்டாதீர்கள்

பதிவு நீளம். இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். பாதி வாசித்துவிட்டுக் கருத்து எழுதுபவர்களுக்கு நான் பதில் எழுத மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போன கிழமை எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு விஷயம் முடிவாகாமல் நின்றது. பிள்ளைகளுக்கான கதை விளையாட்டுப் புத்தகத்தை அச்சடிப்பதா, அல்லது அந்தக் காசில் ஓர் ஆப் செய்வதா? கட்டாரில் இருக்கும் நானா ஒருவர் பாதிச் செலவை ஏற்கத் தயார், ஆனால் ஆப் என்றால் மட்டும்தான். "சேர், இந்தக் காலத்துல யாரு புத்தகம் வாங்குறாங்க? உலகமே டிஜிட்டலுக்குப் போயிட்டு. வெளிநாட்டுக் கம்பனிகளே அப்படித்தான் செய்யுது" என்று வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு. கீழே வரிசையாகக் கைதட்டல்கள். நானாவின் நல்ல மனதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் செய்தது நிறைய. ஆனால் அவர் சொன்ன மூன்று விஷயமும் பிழை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் இது என்ன விளையாட்டு என்று தெரியாதவர்களுக்கு. கல்வியியற் கல்லூரியில் 'பாத்திரமேற்றல்' என்று எங்களுக்கு ஒரு கற்பித்தல் முறை சொல்லித் தந்தார்கள். அதையே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, விதிகளோடு, பல நாள் தொடர்கதையாக விளையாடினால் அதுதான் இது. ஒருவர் கதை நடத்துவார். மற்ற நான்கைந்து பேரும் ஆளுக்கொரு பாத்திரம். "ஆறு பெருகி ஓடுது, என்ன செய்றீங்க?" என்று அவர் கேட்பார். இவர்கள் பேசி முடிவெடுப்பார்கள். முடிவு பலிக்குமா என்பதை ஓர் எண் தீர்மானிக்கும். புத்தகத்தில் இருப்பது விதிகளும் கதைக்கான வித்தும்தான். மிச்சமெல்லாம் பிள்ளைகளின் வாயிலிருந்து வரவேண்டும். திரை வேண்டாம், கரண்ட் வேண்டாம், சார்ஜர் வேண்டாம்.

உலகத்தில் இதற்கு முதல் புத்தகம் 1974இல் வந்தது. 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்று பெயர். அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்துச் சிறு ஊர் ஒன்றில் இருந்த கேரி கைகக்ஸ் என்பவரும் டேவ் ஆர்னசன் என்பவரும் எழுதியது. கைகக்ஸ் அந்தக் காலத்தில் காப்புறுதிக் கம்பனி வேலையை இழந்து, சப்பாத்துத் திருத்திப் பிழைத்துக்கொண்டிருந்த மனிதர். எந்தப் பெரிய பதிப்பகமும் எடுக்கவில்லை. நண்பர்களிடம் காசு திரட்டி மூன்று சின்னப் புத்தகம், 1,000 பிரதி அச்சடித்து, வீட்டிலேயே பெட்டிகளில் அடுக்கி விற்றார்கள். ஒரு வருடத்துக்குள் முடிந்துவிட்டது. இன்று கோடிக்கணக்கில் புரளும் ஒரு தொழில் அந்த 1,000 பிரதியில் தொடங்கியது. பசறையில் 300 பிரதி அச்சடிப்பதைச் சிரிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி, "வெளிநாட்டுக் கம்பனிகளே டிஜிட்டலுக்குப் போய்விட்டன" என்ற கதை. போனது உண்மை. போய் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் அல்லவா?

அந்த விளையாட்டின் உரிமை இப்போது விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் என்ற கம்பனியிடம். அதன் முதலாளி ஹாஸ்ப்ரோ, பொம்மை விற்கும் பெரும் நிறுவனம். 2009 ஏப்ரலில், திருட்டுப் பிரதி பரவுகிறது என்று சொல்லி, இணையத்தில் விற்ற தன் பீடிஎஃப் புத்தகங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கடைகளிலிருந்து இழுத்துக்கொண்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள்கூடத் திரும்ப இறக்கிக்கொள்ள முடியாமல் நின்றார்கள். 2013இல்தான் மறுபடி விற்பனைக்கு வந்தன. இடையில் அந்த நான்கு வருடமும் திருட்டுப் பிரதி நின்றதா? திருட்டுப் பிரதிதான் ஒரே பிரதியாக இருந்தது!

2022இல் இதே கம்பனி 'டி அன்ட் டி பியொண்ட்' என்ற இணையத்தளத்தை 14 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அங்கே நீங்கள் புத்தகம் வாங்கலாம், ஆனால் புத்தகம் உங்கள் கையில் வராது. அவர்களுடைய இடத்தில் வாசிக்க அனுமதி வரும், அவ்வளவுதான். 2024 ஓகஸ்டில் புதிய பதிப்பு வரப்போகும் நேரம், பழைய பதிப்பை வாங்கி வைத்திருந்தவர்களின் பாத்திரத் தாள்களில் உள்ள விதிகளையும் புதியதற்கு மாற்றப் போவதாக அறிவித்தார்கள். வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததால் சில நாளில் பின்வாங்கினார்கள். அலுமாரியில் இருக்கும் உங்கள் புத்தகத்தின் பக்கங்களைக் கடைக்காரர் இரவில் வந்து மாற்றி வைக்கலாம் என்றால் அதை நீங்கள் வாங்கினீர்கள் என்று எப்படிச் சொல்வது? இது இந்த ஒரு கம்பனியின் குணமும் இல்லை. மைக்ரோசொஃப்ட் 2019இல் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்கள் எல்லோருடைய கணக்கிலிருந்தும் மறைந்துபோயின. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். புத்தகத்தைக் கொடுக்கவில்லை.

இன்னொன்று. மேசையையே திரைக்குள் கொண்டுபோகிறோம் என்று 'சிஜில்' என்ற முப்பரிமாண மென்பொருளைச் செலவழித்துச் செய்தார்கள். 2025 தொடக்கத்தில் வெளியிட்டார்கள். ஒரு மாதம் போவதற்குள் அதைச் செய்த குழுவில் பெரும்பாலானவர்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஹாஸ்ப்ரோவுக்கே கட்டுபடியாகாத வேலையைப் பசறை வாசிப்பு வட்டம் செய்யப் போகிறதாம்.

ஆப் செய்வது ஒருநாள் செலவென்று நினைக்கிறவர்களுக்கு: ஆப் என்பது மாடு வாங்குவது போல. வாங்கிய பிறகுதான் செலவே தொடங்கும். ஆப்பிள் போனில் போட வருடத்துக்கு 99 டொலர் கட்டவேண்டும். கூகுளில் ஒரு தடவை 25 டொலர்தான், ஆனால் புதிய ஆண்ட்ரொய்டுக்கு ஏற்ப ஆப்பைப் புதுப்பிக்காவிட்டால் புதிய போன் வாங்கியவர்களின் கண்ணில் அது படாமலே போகும். முதல் வருடம் நானா தருவார். மூன்றாம் வருடம்? செய்துகொடுத்த தம்பி கனடா போய்விட்டால்? அச்சடித்த புத்தகத்தை யாரும் புதுப்பிக்கத் தேவையில்லை. அட்டை கிழிந்தால் சோற்றுப் பசை போதும்.

இரண்டாவது, "பிள்ளைகள் எல்லோரிடமும் போன் இருக்கிறது." இதைச் சொல்கிறவர்கள் பசறை டவுனிலேயே நிற்கிறார்கள். கோணக்கலைக்கோ எல்டெப்புக்கோ ஏறிப் போய்ப் பாருங்கள். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு ஸ்மார்ட் போன், அதுவும் வேலைக்குப் போகும் ஆளின் பையில். பிள்ளையின் கைக்கு வருவது இரவு ஏழு மணிக்குப் பிறகு, டேட்டா மிஞ்சியிருந்தால். கொரோனா காலத்தில் பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நாங்கள் "ஒன்லைன் கல்வி" என்று அறிக்கை எழுதினோம். எத்தனை பிள்ளை அதைத் திறந்தது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். 2021இல் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு வழியே மலையுச்சிக்கு ஏறிய படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. நாங்கள் அதைப் பெருமையோடு பகிர்ந்தோம், "படிப்பில் ஆர்வம்" என்று. அது வெட்கப்படவேண்டிய படம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த நாட்களை நான் விளக்கத் தேவையில்லை. பதுளை மாவட்டம் பட்ட பாட்டை எல்லோரும் கண்டோம். மண் சரிந்து வீதி மூடி, கரண்ட் இல்லை, டவர் இல்லை. கிளவுட்டில் இருந்த எந்தப் புத்தகத்தை அந்த நாட்களில் ஒரு பிள்ளை திறந்திருக்க முடியும்? மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒரு மண்டபத்தில் ஐம்பது பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துப் பயத்தை மறக்கச் செய்ய என்ன இருந்தது என்று, அங்கே தொண்டு வேலைக்குப் போனவர்களைக் கேளுங்கள்.

நியாயமாகப் பேசவேண்டும். அச்சும் லேசான வேலையில்லை. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. 'திவயின', 'ஐலண்ட்' பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சடிக்க முடியாமல் நிறுத்தின. அன்று ஏறிய கடதாசி விலை பழைய இடத்துக்கு வரவேயில்லை. மலையகத்தில் கவிதைப் புத்தகம் போட்டவர்களின் கட்டிலுக்கடியில் விற்காத கட்டுகள் இருக்கின்றன, அதுவும் உண்மை. ஆனால் அந்தக் கட்டுகள் ஏன் அங்கே கிடக்கின்றன? வெளியீட்டு விழாவுக்குப் பொன்னாடை வாங்கிய நாங்கள், முதல் பிரதியை மேடையில் பெற்றுக்கொண்ட நாங்கள், இரண்டாவது பிரதியைக் கடையில் வாங்கவில்லை. அடுத்த நாளே "இதுட பீடிஎஃப் இருந்தா அனுப்புங்க" என்று குழுவில் கேட்டோம். வாசகன் புத்தகத்தைக் கைவிட்டுவிட்டு, "டிஜிட்டல் காலம்" என்று பெயர் வைத்துக்கொண்டான்.

கல்ஹின்னையில் எஸ். எம். ஹனிபா என்ற ஒரு மனிதர் தமிழ் மன்றம் என்ற பெயரில் வாழ்நாள் முழுக்கப் புத்தகம் வெளியிட்டார். கண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து. அதற்கும் முன்னால், 1882இல் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' தொடங்கியபோது வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தோட்டத்துக்குள் வெளியாளை விடாத காலத்தில் நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனார் என்பார்கள். (அவரும் பாத்திரமேற்றுத்தான் போயிருக்கிறார், பாருங்கள்.) மீனாட்சி அம்மை தோட்டத்துக் கூட்டங்களில் பாடிய பாட்டுகள் 1940இல் சிறு பிரசுரமாக அச்சில் வந்தன. மெல்லிய புத்தகம். மடித்து இடுப்பில் செருகலாம்.

இங்கே நான் டிஜிட்டலுக்கு எதிரி என்று யாரும் எழுதவேண்டாம். இந்தப் பதிவே பேஸ்புக்கில்தான் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்களும் சுவடிகளும் போயின. அந்தக் காயம் தெரிந்த சமூகத்தில் 2005இல் 'நூலகம்' என்ற இணைய நூலகம் எழுந்தது. இன்று மலையகத்தில் மறைந்துபோன ஒரு சஞ்சிகையைத் தேடினால் அங்கேதான் கிடைக்கும். டிஜிட்டலின் உண்மையான வேலை அது, நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் தப்பவைப்பது. எங்கள் புத்தகத்தின் பீடிஎஃப் அங்கேயும் போகட்டும், இலவசமாக. மடுல்சீமை ஆசிரியர் ஒருவர் அதை இறக்கிப் பாடசாலையில் போட்டோ கொப்பி அடிக்கட்டும். நான் எதிர்ப்பது கடவுச்சொல்லும் கணக்கும் வைத்துப் பூட்டும் ஆப்பை மட்டும்தான். பெட்டகமும் பெட்டிக்கடையும் ஒன்றில்லை.

உரிமை விஷயமும் பேசவேண்டும், ஏனென்றால் "வெள்ளைக்காரன்ட விளையாட்டைத் தமிழில் போட்டால் வழக்குப் போடுவானே" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 2000ஆம் ஆண்டு அந்தக் கம்பனி ஒரு திறந்த உரிமம் கொடுத்தது, எங்கள் விதிகளை வைத்து நீங்களும் புத்தகம் எழுதி விற்கலாம் என்று. அதை நம்பி உலகமெல்லாம் நூற்றுக்கணக்கான சிறு பதிப்பகங்கள் வளர்ந்தன. 2023 ஜனவரியில் அதை மாற்றப் போகும் வரைவு வெளியே கசிந்தது. வருடத்துக்கு 750,000 டொலருக்கு மேல் விற்பவர்கள், மேலதிக வருமானத்தில் 25 சதவீதம் வரை கம்பனிக்குக் கட்டவேண்டும் என்று அதில் இருந்தது. விளையாடுகிறவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இணையத்தளச் சந்தாவைக் கூட்டம் கூட்டமாக ரத்துச் செய்தார்கள். அந்த மாதம் 27ஆம் திகதி கம்பனி இறங்கி வந்தது. அடிப்படை விதிகள் அடங்கிய சுமார் 400 பக்க ஆவணத்தைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டது. பெயரைக் குறிப்பிட்டால் போதும். யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கலாம். திரும்பப் பெறவும் முடியாது. மூன்று கிழமையில் வாசகர்கள் பெற்ற உரிமை அது. தமிழிலும் அது எங்களுக்குச் சொந்தம்தான், எடுத்துப் பாவிப்பதற்குத்தான் ஆளில்லை.

ஆங்கிலப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். அவர்களுடைய ஒரு புத்தகம் 50 டொலர், எங்கள் காசில் 15,000 ரூபாவுக்குக் குறையாது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தச் சம்பளத்தில் பதினொரு நாளுக்கு மேல் கொழுந்து பறித்திருந்தால்தான் ஒரு புத்தகம், அதுவும் கப்பல் கூலி இல்லாமல். மூன்று புத்தகம் இருந்தால்தான் முழு விளையாட்டு.

ஜப்பான்காரர்கள் இதற்கு வழி கண்டார்கள். 1989இல் 'சோர்ட் வேர்ல்ட்' என்ற விளையாட்டைச் சட்டைப் பையில் வைக்கும் சின்ன மலிவுப் புத்தகமாகப் போட்டார்கள். விசேஷப் பகடை தேடவேண்டாம், சாதாரண ஆறு பக்கப் பகடை போதும் என்று விதியை அமைத்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள் கைச்செலவுக் காசில் வாங்கினார்கள். ஜெர்மனியில் 1981 முதலே சொந்த மொழியில் சொந்த விளையாட்டு. தங்கள் மொழியில், தங்கள் பிள்ளைகளின் சட்டைப் பைக்கு ஏற்ற விலையில் போட்ட இடங்களில்தான் இது வேரூன்றியது.

பகடை என்றதும் சில சகோதரர்களின் முகம் மாறும், தெரியும். மார்க்கத்தில் பகடை பற்றி உள்ள ஹதீஸ் எனக்கும் தெரியும். அதனால்தான் எங்கள் விளையாட்டில் பகடையே இல்லை. எண் எழுதிய சீட்டுகளைத் தொப்பிக்குள் போட்டு எடுக்கிறோம். காசு வைத்து ஆடுவதும் இல்லை. இது என் கண்டுபிடிப்பும் இல்லை. 1979 அளவில் அமெரிக்காவில் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது அந்தக் கம்பனியே பெட்டிக்குள் பகடைக்குப் பதிலாக எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்து விற்றது. பேய், பிசாசு, மந்திரம் பற்றிய கவலைக்கும் பதில் இருக்கிறது: எங்கள் கதையில் அவை எதுவும் இல்லை. இதெல்லாம் தெரிந்தும் மௌலவியிடம் காட்டியே செய்வோம் என்று நினைக்கிறவர்கள் தாராளமாகக் காட்டலாம், நானே கொண்டுபோகிறேன்.

எங்கள் கதை மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடப்பது. இருநூறு வருடத்துக்கு முன்னால் கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்கள் நடந்த வழி. மலையகம் 200 என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதே பாதை. தரம் 9 பிள்ளைகளோடு போட்டோ கொப்பித் தாளில் ஒரு தவணை விளையாடிப் பார்த்தோம். ஒரு பிள்ளை கங்காணி. ஒரு பிள்ளை கைக்குழந்தையோடு வரும் தாய். ஒருவன் வயதான தப்புக்காரர். டவுனிலிருந்து வரும் என் பையன் ஒருவன் "சேர், நான் பொட்டணி யாவாரி, துணி மூட்டையோட வாறேன்" என்று தானாகச் சேர்ந்துகொண்டான். அவனுடைய மூத்த வாப்பா செய்த தொழில் அது.

வழியில் தப்புக்காரருக்குக் காய்ச்சல். தண்ணீர் ஒரு நாளைக்குத்தான் இருக்கிறது. விட்டுவிட்டுப் போவதா, நிற்பதா? முழுப் பாடவேளையும் அதற்கே போனது. பாடப் புத்தகத்தில் அந்தப் பயணத்துக்கு எத்தனை வரி இருக்கிறதென்று பாருங்கள். கங்காணியாக இருந்த பையன், நான் ஒன்றும் சொல்லாமலே, கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி ஒவ்வொருவரும் குடித்த தண்ணீரைக் கடனாக எழுதத் தொடங்கினான். "மாத்தளையில சம்பளத்துல கழிப்பேன்" என்றான். அடுத்த நாள் துண்டு முறை பற்றிய பாடத்தை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் அவனோடு இரண்டு நாள் கோபமாக இருந்தார்கள்!

இதை ஆப்பில் செய்யலாமா? செய்தால் நான்கு பொத்தான் இருக்கும். 'நில்', 'போ', 'தண்ணீர் கொடு', 'திரும்பு'. கடன் எழுதும் பொத்தானை எந்த மென்பொருள்காரரும் அங்கே வைத்திருக்க மாட்டார். அந்தப் பையன் அதை யோசித்தது, தாளில் வெற்றிடம் இருந்ததால்.

இதே பிள்ளைகள் போனில் துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறார்கள், இரவு இரண்டு மணி வரை. "போனை விட்டு எடுக்க ஏலாம இருக்கு சேர்" என்று பெற்றோர் கூட்டத்தில் அழாக்குறையாகச் சொல்வதும் நாங்கள்தான். அடுத்த கூட்டத்தில் நல்ல விளையாட்டையும் போனுக்குள்ளேயே போடுங்கள் என்பதும் நாங்கள்தான்.

ஆகவே என் கணக்கு இது. 48 பக்கம், கொப்பியில் பாதி அளவு, கறுப்பு மை மட்டும், நடுவில் இரண்டு கம்பி. 300 பிரதி. ஐந்து பிள்ளைக்கு ஒரு புத்தகம் போதும் என்பதால் 1,500 பிள்ளைகளுக்கு எட்டும். உரிமம் திறந்தது, யாரும் படியெடுக்கலாம் என்று முதல் பக்கத்திலேயே போடுவோம். தோட்டப் பாடசாலைகளுக்கு இலவசம், டவுனில் விலைக்கு. டவுன்காரர்கள் பீடிஎஃப் கேட்காமல் காசு கொடுத்து வாங்கவேண்டும். சீட்டு எண்கள் கடைசிப் பக்கத்தில் இருக்கும், வெட்டி எடுத்துக்கொள்ளலாம். கட்டார் நானாவுக்கு நான் தனியாகவும் எழுதியிருக்கிறேன். ஆப்புக்கு ஒதுக்கிய காசில் பாதியைத் தந்தாலே மடுல்சீமைப் பக்கமும் சேர்த்து அடிக்கலாம். தராவிட்டாலும் 100 பிரதியோடு தொடங்குவோம். அவர்மேல் எந்தக் கோபமும் வராது.

கூட்டம் வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு. கையெழுத்துப் பிரதி என்னிடம் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் பாடசாலை விட்ட பிறகு வரலாம். எழுத்துப் பிழை பார்க்க இரண்டு பேர் தேவை. மன்னார் வழி தெரிந்த முதியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள், அம்பலங்களின் பெயர்களில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.